வேதச் சொல்லுக்குச் சான்று கேட்டவர்: வில்ஹெல்ம் கெசேனியுஸின் வாழ்வும் பணியும்

பழைய ஏற்பாட்டின் எபிரெயம் மிகச் சிறிய பரப்புக்குள் அடங்கிவிட்ட மொழி. மொத்தம் ஏறத்தாழ 3 லட்சம் சொற்கள் கொண்ட அந்த நூல்தொகுதியில் வெவ்வேறு சொற்கள் என்று எண்ணினால் 8,000 அளவில்தான் தேறும். அவற்றிலும் சுமார் 1,500 சொற்கள் ஒரே ஒரு முறை மட்டுமே வருகின்றன. ஏசாயா நூலின் மூன்றாம் அதிகாரம் எருசலேம் பெண்கள் அணிந்த நகைகளையும் ஆடைகளையும் வரிசையாக அடுக்குகிறது. அந்தப் பெயர்களில் பல வேறெங்கும் காணப்படுவதில்லை. பேசுவோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. பொது ஆண்டின் தொடக்க நூற்றாண்டுகளுக்குப் பிறகு எபிரெயம் வழிபாட்டிலும் எழுத்திலும் வாழ்ந்ததே தவிர, 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அன்றாடப் பேச்சுமொழியாக இருக்கவில்லை.

அப்படியானால் ஒரு சொல்லின் பொருள் இதுதான் என்று யார், எந்த ஆதாரத்தில் சொல்வது? இந்தக் கேள்விக்கு முறையான விடை தேடுவதில் வாழ்நாளைச் செலவிட்டவர் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் கெசேனியுஸ். 1810க்கும் 1842க்கும் இடையில் ஹாலே நகரில் இருந்தபடி அவர் எழுதிய அகராதிகளும் இலக்கணமும் இருநூறு ஆண்டுகளாகத் திருத்தப்பட்டும் விரிக்கப்பட்டும் புழக்கத்தில் இருக்கின்றன. அவருடைய முடிவுகள் சில காலத்தால் தள்ளப்பட்டன. ஆனால் புனிதமெனப் போற்றப்படும் நூலின் சொல்லுக்கும் சான்று காட்டியே பொருள் உரைக்க வேண்டும் என்று அவர் வகுத்த ஒழுங்கு நிலைபெற்றுவிட்டது. அவருடைய உண்மையான சாதனை அந்த ஒழுங்குதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நோர்ட்ஹௌசனிலிருந்து ஹாலே வரை

ஹைன்ரிஷ் பிரீட்ரிஷ் வில்ஹெல்ம் கெசேனியுஸ் 1786 பிப்ரவரி 3 அன்று, ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் உள்ள நோர்ட்ஹௌசன் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். 1803இல் ஹெல்ம்ஸ்டெட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே திருச்சபை வரலாற்றாசிரியர் ஹென்கே அவருக்கு ஆசிரியர். திருச்சபைக் கோட்பாடுகளை அறிவின் துணைகொண்டு பரிசீலிக்கத் தயங்காத இறையியலாளர் தலைமுறையைச் சேர்ந்தவர் ஹென்கே. அந்த மனப்பாங்கு மாணவரிடமும் ஊன்றியது.

அடுத்து கோட்டிங்கன். அங்கே யோஹான் கொட்ஃப்ரீட் ஐக்ஹோர்ன் கற்பித்துக்கொண்டிருந்தார். பழைய ஏற்பாட்டை மனிதர் எழுதிய பழங்கால இலக்கியமாகவும் படிக்க வேண்டும், ஒவ்வொரு நூலும் எப்போது, எப்படி உருவானது என்று கேட்க வேண்டும் என்ற அணுகுமுறையைப் பரவலாக்கியவர் அவர். எபிரெயம், அரமேயம், அரபி ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைக் குறிக்க 1781இல் ஷ்லோட்ஸர் கையாண்ட ‘செமித்திய’ என்ற பெயர் வேரூன்ற உதவியவரும் அவரே. எபிரெயமே ஆதி மொழி, அதிலிருந்தே பிற மொழிகள் பிறந்தன என்று நெடுங்காலம் நிலவிய நம்பிக்கை தளர்ந்துவந்த காலம் அது. கெசேனியுஸின் படிப்பு அந்தத் திருப்பத்தில் நிகழ்ந்தது.

1806 முதல் கோட்டிங்கனில் அவரே கற்பிக்கத் தொடங்கினார். எபிரெயத்தில் அவருடைய முதல் மாணவர் ஔகுஸ்ட் நேயாண்டர். யூதக் குடும்பத்தில் டேவிட் மெண்டலாகப் பிறந்து, அந்த ஆண்டில்தான் கிறிஸ்தவத்தைத் தழுவியிருந்த நேயாண்டர் பின்னாளில் ஜெர்மனியின் முதன்மையான திருச்சபை வரலாற்றாசிரியராக உயர்ந்தார். அவர் தம் முதல் மாணவர் என்பதைக் கெசேனியுஸ் பிற்காலத்தில் மகிழ்ச்சியோடு நினைவுகூர்வதுண்டு.

நெப்போலியனின் போர்கள் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களை அலைக்கழித்த ஆண்டுகள் அவை. 1806இல் ஹாலே பல்கலைக்கழகம் மூடப்பட்டது. பிரெஞ்சு ஆதிக்கத்தில் உருவான வெஸ்ட்ஃபாலிய அரசின்கீழ் மீண்டும் திறக்கப்பட்டது. கெசேனியுஸ் படித்த ஹெல்ம்ஸ்டெட் பல்கலைக்கழகம் 1810இல் அடியோடு கலைக்கப்பட்டது. இடையில் 1809இல் ஹைலிகன்ஸ்டாட் நகரப் பள்ளியில் பண்டைய மொழிகள் கற்பித்த கெசேனியுஸ், 1810இல் ஹாலேயில் இறையியல் துறைப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே முழுப் பேராசிரியர் பதவி. அப்போது அவருக்கு வயது 25. இறுதிவரை அவர் அந்தப் பதவியைவிட்டு நீங்கவில்லை. ஐக்ஹோர்ன் 1827இல் மறைந்தபோது அவருடைய இடத்துக்குக் கோட்டிங்கன் அழைத்தும் மறுத்துவிட்டார்.

ஹாலே தமிழ் வரலாற்றோடும் தொடர்புடைய ஊர். ஔகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே அங்கே நிறுவிய பக்தி இயக்க நிறுவனங்களின் ஆதரவில்தான் தரங்கம்பாடி மிஷன் நடந்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும், பழைய ஏற்பாட்டைத் தமிழில் புதிதாக மொழிபெயர்த்த பப்ரிசியஸும் ஹாலேயில் பயின்றவர்கள். எபிரெயத்தை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்ற வற்புறுத்தல் அந்த நகரில் ஒரு நூற்றாண்டுப் பழமையுடையது. ஆனால் கெசேனியுஸ் வந்து சேர்ந்தபோது பிராங்கேயின் பக்தி மரபு பின்னுக்குப் போய், பகுத்தறிவு சார்ந்த இறையியல் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஓங்கியிருந்தது.

மூன்று வகைச் சான்றுகள்

கெசேனியுஸுக்கு முன் எபிரெயச் சொற்களுக்குப் பொருள் காண இரண்டு பெருவழிகள் இருந்தன. 17ஆம் நூற்றாண்டில் பாசல் நகரத்து பூக்ஸ்டார்ஃப் குடும்பத்தார் யூத மரபைப் பின்பற்றினர். ரபிகளும் யூத இலக்கணிகளும் என்ன சொன்னார்களோ அதுவே அவர்களுக்கு முதல் ஆதாரம். 18ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் ஆல்பெர்ட் ஸ்குல்டென்ஸ் நேர் எதிர்ப்பக்கம் சென்றார். எபிரெயத்தின் இருண்ட இடங்களுக்கெல்லாம் அரபி ஒளிதரும் என்று அவர் கருதினார். அரபி அகராதிகள் பரந்தவை. ஒரே வேருக்கு அவற்றில் பத்துப் பதினைந்து பொருள்கள் கிடைக்கும். வேண்டிய பொருளைத் தேடி எடுத்து எபிரெயச் சொல்லின்மேல் ஏற்றிவிடுவது எளிது. அந்த வழியில் சென்றவர்கள், தெளிவாக இருந்த சொற்களுக்கும் விசித்திரமான விளக்கம் தரலானார்கள்.

கெசேனியுஸ் இரண்டையும் ஒதுக்கவில்லை. இரண்டுக்கும் உரிய இடம் எது என்று வரையறுத்தார். சொல்லின் பொருளைத் தீர்மானிக்க மூன்று வகைச் சான்றுகள் உண்டு என்பது அவர் கொள்கை. முதலாவது, பழைய ஏற்பாட்டிலேயே அச்சொல் வரும் இடங்கள்: சூழல், இணைவரி, எதிர்ச்சொல், உடன்வரும் வினை. இரண்டாவது, மரபு: கிரேக்க, சிரியாக், லத்தீன் மொழிகளின் பழைய மொழிபெயர்ப்புகளும், அரமேயத் தர்கூம்களும், இடைக்கால யூத இலக்கணிகளும் அகராதிக்காரர்களும் விட்டுச்சென்ற விளக்கங்களும். மூன்றாவது, உறவுமொழிகள்: அரமேயம், சிரியாக், அரபி, எத்தியோப்பியம். ஒரு வகைச் சான்று மட்டும் பேசும்போது ஐயத்தோடு அணுக வேண்டும். மூன்றும் ஒத்துப்போகுமானால் உறுதி பிறக்கும். உறவுமொழியில் வேர் ஒன்றாக இருப்பதால் மட்டும் பொருளும் ஒன்றாகிவிடாது. வழக்கே முடிவு செய்யும்.

இந்தக் கொள்கையின் முதல் பெருங்கனி 1810லும் 1812லும் இரண்டு தொகுதிகளாக லைப்சிக்கில் வெளிவந்த எபிரெய-ஜெர்மன் கையகராதி. எபிரெயச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து வேர்களிலிருந்து பிறப்பவை. பழைய அகராதிகள் பொதுவாக வேர்களின் கீழேயே சொற்களைத் தொகுத்தன. வேரே தெரியாத மாணவர் சொல்லை எங்கே தேடுவார்? கெசேனியுஸ் இந்த அகராதியில் சொற்களை அகர வரிசையில் வைத்தார். அதைவிட முக்கியமானது, அகராதி முன்வைத்த தெளிவு. உறுதியான பொருள் எது, ஊகம் எது, ஊகத்துக்கு ஆதாரம் எது என்பதைப் படிப்பவர் பார்க்க முடிந்தது. லத்தீனில் எழுதுவதே அறிஞர் வழக்கமாக இருந்த துறையில் விளக்கங்களை ஜெர்மன் மொழியில் தந்ததும் பயன்பாட்டைப் பெருக்கியது. பள்ளி மாணவருக்கான சுருக்கப் பதிப்பு 1815இல் வந்தது.

அதே 1810இல் வெளியான சிறுநூல் ஒன்றும் அவருடைய முறையைக் காட்டும். மால்டா தீவின் மொழி பண்டைய கார்த்தேஜின் பியூனிக் மொழியினுடைய எச்சம் என்று அன்று பலர் நம்பினார்கள். தீவின் பழம்பெருமைக்கு அந்தக் கதை இனிமையாக இருந்தது. கெசேனியுஸ் மால்டிய மொழியின் சொற்களையும் வடிவங்களையும் ஒப்பிட்டு, அது வட ஆப்பிரிக்க அரபியின் கிளை என்று காட்டினார். இன்றைய மொழியியலும் அதையே ஏற்கிறது.

மாணவருக்கான இலக்கணம்

1813இல் அவருடைய எபிரெய இலக்கணம் வந்தது. அடுத்த ஆண்டு, வாசிப்புப் பாடங்களும் அருஞ்சொல் விளக்கமும் கொண்ட துணைநூல். இரண்டும் சேர்ந்து தொடக்கநிலை மாணவருக்கான பாடத்திட்டமாக அமைந்தன. அதற்கு முன் வழங்கிய இலக்கணங்கள் ஒலிமாற்றங்களைச் செயற்கையான விதிகளால் கட்டியிருந்தன. விதிகளை மனப்பாடம் செய்வதிலேயே மாணவரின் ஆண்டுகள் கழிந்தன. கெசேனியுஸ் பழைய ஏற்பாட்டில் உண்மையாகக் காணப்படும் வடிவங்களைத் திரட்டி, ஒழுங்கானவற்றை முன்னும் விதிவிலக்குகளைப் பின்னும் வைத்து, வாய்பாடுகளோடு விளக்கினார்.

பெரிய அறிஞர்களுக்காக 1817இல் விரிவான ஓர் இலக்கண நூலை எழுதினார். அதற்கு முன் 1815இல் எபிரெய மொழி, எழுத்து ஆகியவற்றின் வரலாறு வெளிவந்தது. எபிரெயம் காலத்தால் மாறிய மொழி, பாபிலோனியச் சிறையிருப்புக்கு முன் ஒரு காலகட்டம், அரமேயத்தின் தாக்கம் பெருகிய பின்னர் மற்றொரு காலகட்டம் என்று அவர் பிரித்துக் காட்டினார். இன்று நாம் காணும் சதுர எழுத்து பிற்காலத்தில் வந்தது. தொன்மையான எழுத்து பீனிக்கிய எழுத்துக்கும் சமாரிய எழுத்துக்கும் நெருங்கியது. உயிரொலிக் குறிகள் மூல நூலாசிரியர்கள் இட்டவை அல்ல. பிற்கால அறிஞர்கள் சேர்த்தவை. இத்தகைய செய்திகள் ஏற்கெனவே பேசப்பட்டவை என்றாலும், சான்றுகளோடு ஒரே இடத்தில் தொகுத்த முறையில் கெசேனியுஸின் நூல் மொழிக்கே ஒரு வரலாறு உண்டு என்ற உணர்வை நிலைநிறுத்தியது. ஒரு நூலின் மொழிநடை அதன் காலத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடும் என்ற எண்ணம் அதிலிருந்து எழுந்தது. நூல்களின் மரபுவழிக் காலக்கணிப்புக்கு அது பெரும் சவால்.

அவருடைய விரிவுரைகளுக்கு மாணவர்கள் திரண்டனர். பிற்காலத்தில் அந்த எண்ணிக்கை 500ஐ நெருங்கியது. ஹெர்மன் ஹுப்ஃபெல்ட், எமில் ரோடிகர், வில்ஹெல்ம் வாட்கே, தியோடர் பென்ஃபே ஆகியோர் அவரிடம் பயின்று தத்தம் துறைகளில் ஒளிவீசியவர்கள். அமெரிக்காவிலிருந்து எட்வர்ட் ராபின்சன் வந்து ஹாலேயில் தங்கிப் படித்தார்.

கெசேனியுஸின் இலக்கணத்துக்குக் குறை சொன்னவர்களும் இருந்தனர். கோட்டிங்கனின் ஹைன்ரிஷ் ஏவால்ட் 1827இல் வெளியிட்ட இலக்கணம், வடிவங்களைத் திரட்டுவது மட்டும் போதாது, அவை ஏன் அப்படி அமைந்தன என்று மொழியின் உள்ளியல்பிலிருந்து விளக்க வேண்டும் என்ற நோக்கோடு எழுந்தது. இந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. காரணம் காணும் ஆழத்தில் ஏவால்ட் முன்னே நின்றார். ஆயினும் கிடைத்த தரவுகளை வளைக்காமல் முழுதாகக் காட்டும் நூலுக்கு ஒரு தனி நன்மை உண்டு. புதிய விளக்கம் வரும்போது அதே தரவுகளின்மேல் அதைப் பொருத்திப் பார்த்துக்கொள்ள முடியும். கெசேனியுஸின் இலக்கணம் இத்தனை தலைமுறை நீடித்ததற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

சமாரிய ஐந்நூல்

மோசேயின் ஐந்து நூல்களைச் சமாரியர்கள் தங்கள் எழுத்தில் தனியாகப் பாதுகாத்துவந்தனர். 1616இல் இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே டமாஸ்கஸில் ஒரு படியை வாங்கி ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். 17ஆம் நூற்றாண்டிலேயே அது பாரிஸின் பன்மொழி விவிலியப் பதிப்பில் அச்சானது. யூத மரபின் மசோரேத்துப் பாடத்தோடு ஒப்பிட்டால் அதில் சுமார் 6,000 பாடபேதங்கள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 1,900 இடங்களில் அது பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்போடு ஒத்துப்போனது. எது பழைய பாடம் என்ற வாதத்தில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் தத்தம் கட்சிக்கேற்ப நின்றார்கள்.

1815இல் லத்தீனில் எழுதிய ஆய்வில் கெசேனியுஸ் வாதத்தை விட்டுவிட்டுப் பாடபேதங்களையே வகைப்படுத்தினார். எட்டு வகைகள் கிடைத்தன. அரிய இலக்கண வடிவத்தை எளிய வடிவமாக்கியவை, கடினமான சொல்லுக்கு விளக்கச் சொல்லை இட்டவை, இணையான பகுதியிலிருந்து வரிகளைக் கொண்டுவந்து நிரப்பியவை, காலக்கணக்கைச் சரிசெய்தவை, சமாரியப் பேச்சுவழக்கு நுழைந்தவை, சமாரியர்களின் கெரிசிம் மலை வழிபாட்டுக்கு ஏற்றவாறு மாற்றியவை என்று அந்தப் பட்டியல் செல்கிறது. பெரும்பாலான மாற்றங்கள் ஒரே திசையில் போகின்றன: கடினத்திலிருந்து எளிமைக்கு. ஆகவே சமாரியப் பாடம் பிந்தியது என்று முடிவுசெய்து, நான்கே நான்கு இடங்களில் மட்டும் அது சிறந்த பாடத்தைக் காத்திருப்பதாக ஏற்றார்.

இந்தத் தீர்ப்பு ஏறக்குறைய நூறாண்டுகள் கோலோச்சியது. பிறகு ஆட்டம் கண்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆபிரகாம் கைகரும், 1915இல் பௌல் காலேயும் சமாரியப் பாடம் ஒரு பழைய பாட மரபின் சாட்சி என்று வாதிட்டார்கள். 1947 முதல் சாக்கடலருகே கும்ரான் குகைகளில் கிடைத்த சுவடிகள் விவாதத்தைத் தீர்த்தன. இயேசுவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே, சமாரியக் கோட்பாட்டு மாற்றங்கள் இல்லாத, ஆனால் சமாரியப் பாடத்தைப் பெரிதும் ஒத்த எபிரெயச் சுவடிகள் பாலஸ்தீனத்தில் வழங்கியிருந்தன. அந்தப் பாட மரபு சமாரியர்களின் தனிச் சொத்தல்ல என்பது தெளிவாயிற்று. கெசேனியுஸின் முடிவு கடுமையானது என்று இன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த மரபில் இணைப்பும் எளிமையாக்கமும் மிகுதி என்ற அவருடைய அவதானிப்பு சரியானது.

ஏசாயாவும் இளம்பெண்ணும்

1820இல் அவர் தம்முடன் பணியாற்றிய தீலோவுடன் பாரிஸ், லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு நகரங்களுக்குச் சென்று கீழைத்தேயச் சுவடிகளை ஆராய்ந்தார். 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த யூத அறிஞர் யோனா இப்னு ஜனாஹ் அரபியில் எழுதிய எபிரெய வேரகராதி அப்போது அச்சேறவில்லை. அதன் ஆக்ஸ்ஃபோர்டு சுவடியைக் கெசேனியுஸ் பின்னாளில் தாம் எழுதிய பேரகராதிக்குப் பயன்படுத்தினார். அரபியைத் தாய்மொழிபோல் அறிந்து, எபிரெய மரபிலேயே வளர்ந்த ஒருவரின் சாட்சியம் அவருக்கு மிக மதிப்புடையதாக இருந்தது. கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் எபிரெயக் கல்வி இடைக்கால யூத அறிஞர்களுக்கு எவ்வளவு கடன்பட்டது என்பதற்கு அந்த மேற்கோள்களே சாட்சி.

1820-21இல் ஏசாயா நூலுக்கு அவர் எழுதிய உரை வெளிவந்தது. 40 முதல் 66 வரையிலான அதிகாரங்கள் கி.மு. 8ஆம் நூற்றாண்டு ஏசாயாவின் வாக்கு அல்ல, பாபிலோனியச் சிறையிருப்பின் இறுதியில் வாழ்ந்த பெயர் அறியாத தீர்க்கதரிசி ஒருவர் எழுதியவை என்ற கருத்தை, ஐக்ஹோர்ன் முதலியோரைப் பின்பற்றி, மொழிச் சான்றுகளோடு அவர் வலுப்படுத்தினார். 1892இல் பெர்ன்ஹார்ட் டூம் அந்தப் பகுதியையும் இரண்டாகப் பிரித்தார். 40ஆம் அதிகாரத்திலிருந்து வேறொருவரின் எழுத்து என்ற, முதலில் மறுப்புக்குள்ளான பகுப்பு இன்று விவிலிய ஆய்வின் பொது அறிவாக உள்ளது.

உரையைவிட அதிகக் கொந்தளிப்பை உண்டாக்கியது ஒரு சொல். ஏசாயா 7:14இல் குழந்தை பெறப்போகும் பெண்ணைக் குறிக்க ‘அல்மா’ என்ற சொல் வருகிறது. கிரேக்க மொழிபெயர்ப்பு அதைக் கன்னி என்று பெயர்த்தது. மத்தேயு நற்செய்தி அந்த வாக்கையே இயேசுவின் பிறப்புக்கு முன்னறிவிப்பாக எடுத்தாண்டது. கெசேனியுஸ் தம் முறைப்படி அச்சொல் வரும் எல்லா இடங்களையும், உறவுமொழிச் சொற்களையும் வைத்துப் பார்த்து, அது திருமண வயதை எட்டிய இளம்பெண்ணையே குறிக்கும், கன்னிமையைச் சிறப்பாகச் சுட்ட எபிரெயத்தில் வேறு சொல் உண்டு என்று பதிந்தார். நம்பிக்கையாளர் பலருக்கு இது திருச்சபையின் அடித்தளத்தையே தொடும் செயலாகத் தோன்றியது. அகராதியின் ஒரு பதிவு ஒருவரின் விசுவாசத்தோடு எப்படி மோதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. கெசேனியுஸ் அதில் இறையியல் முடிவு எதையும் எழுதவில்லை. எபிரெயச் சொல்லின் வழக்கு எதைத் தாங்கும் என்பதை மட்டும் சொன்னார்.

1830இன் புயல்

1820களில் பிரஷ்யாவில் பக்தி எழுச்சி வலுத்தது. 1826இல் ஔகுஸ்ட் தோலுக் ஹாலேக்கு நியமிக்கப்பட்டதே அங்கு நிலவிய பகுத்தறிவுப் போக்கை ஈடுசெய்வதற்காகத்தான். பெர்லினில் ஹெங்ஸ்டன்பெர்க் நடத்திய சுவிசேஷத் திருச்சபை இதழ் பழைமைவாதத் தரப்பின் குரலாக ஓங்கியது. 1830 ஜனவரியில் அந்த இதழில், ஹாலேயில் நீதிபதியாக இருந்த லூட்விக் ஃபான் கெர்லாக் பெயரின்றி ஒரு கட்டுரை எழுதினார். கெசேனியுஸும் அவருடைய சக பேராசிரியர் வெக்‌ஷைடரும் திருச்சபையின் போதனையைச் சிதைக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. மாணவர்கள் எடுத்த வகுப்புக் குறிப்புகளே அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டன.

இது அரசர் வரை சென்று விசாரணைக்கு உள்ளானது. பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் என்ன கற்பிக்கலாம் என்பதை வகுப்பில் ஒற்றறிந்த குறிப்புகளைக்கொண்டு அரசு முடிவுசெய்வதா என்ற கேள்வி ஜெர்மனி முழுவதும் எழுந்தது. இறுதியில் இருவர் பதவிக்கும் ஊறு நேரவில்லை.

இந்த நிகழ்ச்சியில் நினைவில் நிறுத்த வேண்டியவர் நேயாண்டர். அவர் ஆழ்ந்த பக்தர். இறையியலில் கெசேனியுஸுக்கு எதிர்த்தரப்பில் நின்றவர். அந்த இதழோடு தொடர்பும் கொண்டிருந்தவர். ஆனாலும் இப்படி ஆளைக் குறிவைத்து அதிகாரத்தை அழைக்கும் முறை தமக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாக அறிவித்து இதழிலிருந்து விலகினார். கருத்துக்குக் கருத்தே மருந்து என்று அவர் நின்ற நிலை, அவருடைய பழைய ஆசிரியர் சான்றுக்குச் சான்று என்று நின்ற நிலையோடு உள்ளூர ஒன்றுபட்டது.

கல்லும் நாணயமும்

விவிலியத்துக்கு வெளியே எபிரெயத்துக்கு மிக நெருங்கிய மொழி பீனிக்கியம். பிரெஞ்சு அறிஞர் பார்த்தலெமி 1758இல் அதன் எழுத்தைப் படித்துவிட்டார். ஆனால் கல்வெட்டுகளும் நாணயங்களும் ஐரோப்பாவின் பல காட்சியகங்களில் சிதறிக் கிடந்தன. பிழையான படங்களை நம்பி அறிஞர்கள் பிழையான வாசிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தனர். கெசேனியுஸ் 1835இல் இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் சென்று மூலங்களை நேரில் பார்த்தார். 1837இல் வெளியான அவருடைய பீனிக்கிய எழுத்து, மொழிச் சின்னங்களின் தொகுதி அன்று தெரிந்திருந்த எல்லாப் பொறிப்புகளையும் படங்களோடும் விளக்கத்தோடும் சேர்த்தளித்தது. ரோம நாடகாசிரியர் பிளௌட்டஸின் ‘பொயனுலுஸ்’ நாடகத்தில் வரும் பியூனிக் மொழிப் பேச்சையும் அதில் ஆராய்ந்தார்.

பழைய ஏற்பாட்டின் எபிரெயம் தனித்து வானிலிருந்து இறங்கிய மொழி அல்ல; கானான் கடற்கரையின் வணிகர்கள் பேசிய மொழிக்கு உடன்பிறப்பு என்பது இந்தத் தொகுதியால் கண்கூடாயிற்று. அவர் மறைந்த பின்னரே பெருங்கண்டுபிடிப்புகள் வந்தன: 1855இல் சீதோன் மன்னன் எஷ்முனாசரின் கல்பேழை, 1868இல் மோவாபின் மேஷா கல்வெட்டு. அவற்றைப் படித்தவர்களுக்குக் கெசேனியுஸின் தொகுதி வழித்துணையாக நின்றது.

பேரகராதி

1829இல் அவர் தம் வாழ்வின் மிகப் பெரிய நூலைப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். எபிரெயத்துக்கும் விவிலிய அரமேயத்துக்குமான லத்தீன் பேரகராதி அது. கையகராதியைப் போலன்றி, இதில் சொற்கள் வேர்களின்கீழ் அமைந்தன. ஒவ்வொரு பதிவிலும் மூலப் பகுதிகள், பழைய மொழிபெயர்ப்புகள், யூத உரைகாரர், அரபி, சிரியாக் அகராதிக்காரர், பயணிகளின் குறிப்புகள், கல்வெட்டுகள் என்று சான்றுகள் திரண்டு நிற்கும். பயண நூல்களில் அவருக்கு இருந்த ஈடுபாடு ஆழமானது. புர்க்ஹார்ட்டின் சிரியா, பாலஸ்தீனப் பயணங்களை 1823-24இல் தம் குறிப்புகளுடன் ஜெர்மன் மொழியில் பதிப்பித்தவரும் அவரே. பாலஸ்தீனத்தைத் தாம் ஒருபோதும் பார்த்ததில்லை என்பதால், பார்த்தவர்கள் எழுதியதை நுணுகிப் படித்தார்.

அவருடைய தேடல் இந்தியக் கரைவரை நீண்டது. சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களில் ‘துக்கியீம்’ என்று ஒன்று உண்டு. பழைய மொழிபெயர்ப்புகள் பலவும் அதை மயில் என்கின்றன. எபிரெய வேர் எதுவும் பொருந்தாததால், பறவையின் பெயரை அதன் சொந்த மண்ணில் தேட வேண்டும் என்று கருதிய கெசேனியுஸ், மலபார்ப் பகுதியில் மயிலுக்கு வழங்கிய ‘தோகை’ என்ற பெயரைச் சுட்டினார். 1856இல் தம் திராவிட ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதை எழுத்தில் பதிவான மிகப் பழைய திராவிடச் சொல் என்று கொண்டாடினார். இன்று இதில் ஒருமித்த கருத்து இல்லை. எகிப்தியச் சொல்லோடு இணைத்து ஒருவகைக் குரங்கு என்று கொள்வோரும் உள்ளனர். தமிழர் இதை முடிந்த முடிவாக எடுத்துரைப்பது கெசேனியுஸின் முறைக்கே பொருந்தாது. அவர் அதைச் சான்றோடு கூடிய ஊகமாகவே வைத்தார்.

பேரகராதி முடியும் முன்னரே, 1842 அக்டோபர் 23 அன்று, 56 வயதில் அவர் ஹாலேயில் காலமானார். அவருடைய மாணவர் ரோடிகர் 1858இல் அதை நிறைவுசெய்தார்.

பல கைகளில் வளர்ந்த நூல்கள்

இலக்கணம் அவர் வாழ்நாளிலேயே 13 பதிப்புகள் கண்டது. பிறகு ரோடிகரும், 1878 முதல் எமில் கௌச்சும் அதைத் திருத்தினர். 1909இல் வந்த 28ஆம் பதிப்பை ஆதாரமாகக் கொண்டு கௌலி 1910இல் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பு இன்றும் எபிரெயம் படிப்போர் மேசையில் இருக்கிறது. கையகராதி ஃபிரான்ட்ஸ் புல் கையில் 1915இல் 17ஆம் பதிப்பை அடைந்தது. ருடோல்ஃப் மாயர், ஹெர்பெர்ட் டோனர் ஆகியோரின் 18ஆம் பதிப்பு 1987இல் தொடங்கி 2010இல் நிறைவுற்றது. அக்காடியமும் உகாரித்தும் கும்ரானும் அந்தப் பக்கங்களில் இடம்பெற்றுள்ளன. கெசேனியுஸ் கேள்விப்பட்டிராத சான்றுகள் அவை.

ஆங்கில உலகுக்கு ராபின்சன் 1836இல் அவர் லத்தீனில் எழுதிய கையகராதியை மொழிபெயர்த்தார். பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் ஆகிய மூவரும் அதை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கி 1906இல் நிறைவுசெய்த அகராதி ஆங்கிலத்தில் தலைமையான துணைநூலாயிற்று. இங்கிலாந்தில் சாமுவேல் டிரெகெல்ஸ் செய்த மொழிபெயர்ப்பு வேறு வகை. கெசேனியுஸின் புலமையை மதித்த அவர் அவருடைய இறையியலை வெறுத்தார். தமக்கு உடன்பாடில்லாத இடங்களில், ‘அல்மா’ உட்பட, தம் மறுப்பை அடைப்புக்குறிக்குள் சேர்த்துப் பதிப்பித்தார். மூலத்தை அழிக்கவில்லை, அதன் பக்கத்திலேயே தம் மறுப்பை நிறுத்தினார்.

அந்தப் பக்கங்களே கெசேனியுஸின் பணிக்குச் சரியான அளவுகோல். டிரெகெல்ஸால் அவரை மறுக்க முடிந்ததற்குக் காரணம், மறுப்பதற்கு வேண்டிய சான்றுகளையும் கெசேனியுஸே வரிசைப்படுத்தி வைத்திருந்தார் என்பதுதான். சமாரியப் பாடம் பற்றிய அவருடைய தீர்ப்பைப் பின்வந்தோர் மாற்ற முடிந்ததும் அவ்வாறே. தம் தீர்ப்புக்கான எட்டு வகைகளையும் எடுத்துக்காட்டுகளோடு அவர் விட்டுச்சென்றிருந்தார். அதிகாரத்தால் பொருள் சொல்பவரின் நூல் அந்த அதிகாரம் போனதும் பயனற்றுப்போகும். சான்றால் பொருள் சொல்பவரின் நூல் திருத்தத் திருத்த வலுப்பெறும். நம்பிக்கையாளரும் ஐயவாதியும், யூதரும் கிறிஸ்தவரும் ஒரே அகராதியைத் திறந்து, ஒரே சான்றுகளின்மேல் நின்று, வெவ்வேறு முடிவுகளுக்காக வாதிடலாம் என்ற நிலையை எபிரெயக் கல்விக்குத் தந்தவர்களுள் முதலிடம் கெசேனியுஸுக்கு உரியது. அவருக்குப் பின்வந்த ஒவ்வொரு பதிப்பும் அவருடைய சொற்களை மாற்றியிருக்கிறது. எந்தப் பதிப்பும் அவர் விதித்த அந்தக் கடமையிலிருந்து விலகவில்லை.